தாடை திறந்தது

அன்புள்ள அம்மாவுக்கு, முதல்ல உங்க ஆசீர்வாதம் வேணும். முட்டிவலி தேவலையா? நான் நல்லா இருக்கேன். தாடை மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு, பதறாதீங்க.

"செயாராப் பட்டிக்காட்டு இழுவையெல்லாம் இங்க ஆகாது, சாவோ பாலோக்காரி மாதிரி பேசு"ன்னு இங்க கால் சென்டர்ல சூப்பர்வைசர் சில்வானா நம்ம ஊர்ப் பேச்சை தினமும் குத்திக் காட்டுவா. பல்லைக் கடிச்சுக்கிட்டே அவ சொன்ன மாதிரியே பேசிட்டு இருந்தேன். ஒருநாள் காலையில வாய் ஒரு விரலுக்கு மேல திறக்கலை.

பல் மருத்துவக் கல்லூரியில கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, காதுக்கு முன்னால தாடை மூட்டுல லேசர் வெச்சாங்க. சுடலை, வலிக்கலை. சில வாரத்துல கொட்டாவியே விட முடிஞ்சுது. "வலியை லேசர் பார்த்துக்கும், பல்லைக் கடிக்கிறதை நீதான் விடணும்"னாங்க டாக்டரம்மா.

விட்டுட்டேன். நேத்து வாடிக்கையாளர்கிட்ட நம்ம ஊர்ப் பேச்சுலயே பேசினேன். "வேலை போயிடும்டி"ன்னு கத்தினா சில்வானா. "போனா போகட்டும் மேடம், வாய் திரும்பி வந்தாச்சு"ன்னேன்.

ரப்பதுரா வெல்லம் அனுப்புங்க. கடிக்கக் கூடாதாம், அதனால சின்னச் சின்னதா உடைச்சு அனுப்புங்க. கொஞ்சம் போதும், இங்க பங்கு கேட்க யாருமில்லை.

பஸ் வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை போன் பண்றேன். போன தடவை மாதிரி "யாரும்மா பேசறது"ன்னு இனி கேட்க மாட்டீங்க.

உங்க மகள்,
நெய்டே