கிட்டங்கியில் நின்றவர்கள்

அன்பு மகள் முத்துப்பிரியாவுக்கு, போடியிலிருந்து சித்தப்பா ஈஸ்வரன் எழுதுவது. உங்கம்மா முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். உன் சுகம் தெரியாமத்தான் அவளுக்குச் சோறு இறங்கல. அங்கே இன்டர்நெட்டையும் போனையும் நிறுத்திட்டாங்களாமே, அதனால லீவு முடிஞ்சு அங்கே திரும்புற, உன்கூட ஆஸ்பத்திரியில வேலை பாக்குற நர்சு சுசித்ராகிட்ட இதைக் கொடுத்தனுப்புறேன்.

ஆட்சியைப் பிடிச்ச ராணுவத்தோட லாரிக்கு முன்னால அந்த நாட்டு ஜனங்க ஒரு கல்லுகூட எறியாம ரோட்டுல உட்கார்ந்திருக்காங்க, நானும் அவங்களோட உட்கார்ந்திருக்கேன்னு கடைசியாப் பேசினப்பச் சொன்னே. வெளிநாட்டு ஜனமும் நம்ம பக்கம்னு தெரிஞ்சா அவங்களுக்குத் தெம்பு, அங்கேருந்து ஆதரவா ஒரு போட்டோ அனுப்புங்கன்னும் கேட்டே. இந்த அகிம்சை எனக்குப் புதுசில்ல. போன மாசம் தேவாரம் ஊர்ப்பக்கம் சோளக்காட்டுக்குள்ள வந்த யானை முன்னால கைகட்டி உட்கார்ந்தேன், திரும்பிப் போயிருச்சு. எனக்குப் பின்னால ஊரே தகரம் தட்டிக்கிட்டு நின்னது வேற விஷயம். அதனால இங்கேயும் போராட்டத்துக்கு நானே தலைமை. உங்கம்மாவும் அவகூட ஏலக்காயைத் தரம் பிரிச்சுப் பொறுக்குற பொம்பளைங்களும் வாயில துணியைக் கட்டிக்கிட்டு, சோலி பாக்காம, பேசாம மூட்டை அடுக்குற கிட்டங்கியில உட்காரணும்னு திட்டம் போட்டேன். உட்கார்ந்தாங்க. முதலாளி வாசல்லருந்து எட்டிப் பார்த்துட்டு, இன்னிக்குத்தான் சளசளன்னு பேசாம வேலை பாக்குறீங்கன்னு எல்லாருக்கும் டீ சொல்லிட்டுப் போயிட்டார். தூசிக்குத் துணி கட்டி நாள் பூரா தரையில உட்கார்ந்திருக்கிறவங்கதானே, அவருக்கு என்ன தெரியும். நான் அதை யோசிக்கல, யோசிச்சிருந்தாலும் அப்படித்தான் பண்ணியிருப்பேன்.

மறுநாள் உங்கம்மா முறத்தைக் கீழே வச்சிட்டு எந்திரிச்சு நின்னா. ஒவ்வொருத்தியா அத்தனை பேரும் நின்னாங்க. முதலாளி பதறிப்போயி, பாம்பு கீம்பு வந்துருச்சான்னு கேட்டார். என் மக அங்க உட்கார்ந்திருக்கா, அதான் நாங்க நிக்கிறோம்னா உங்கம்மா. அவர் தலையைச் சொறிஞ்சிட்டு, நானும் நிக்கணுமான்னு கேட்டார். வேணாம், போட்டோ எடுங்கன்னாங்க. சாயங்காலம் வரைக்கும் யாரும் உட்காரல, அந்த முழங்காலை வச்சுக்கிட்டு உங்கம்மாவும் உட்காரல. போட்டோ இதோட இருக்கு, மடிக்காம அங்கே எல்லார்கிட்டயும் காட்டு. இடது ஓரத்துல தெரியிற முழங்கை என்னோடது.

உடனே கிளம்பி வரச் சொல்லி எழுதத்தான் உங்கம்மா என்னைக் கூப்பிட்டா. அப்புறம், வர வேணாம், முன் வரிசையில மட்டும் உட்காராதேன்னு எழுதச் சொன்னா. எழுதி முடிக்கிறதுக்குள்ள அதையும் கோடு போட்டு அடிக்கச் சொல்லிட்டா, முன் வரிசையில இருக்கிறவளும் யாரோ ஒருத்தி பெத்த மகதானேங்கிறா. குலசாமி உன்னையும் அந்த ஜனங்களையும் சேர்த்தே காப்பாத்தட்டும். வேளைக்குச் சாப்பிடு. அம்மா அடிக்கச் சொன்னதை நான் அடிக்கல. ரெண்டாவது வரிசையில உட்காரு ஆத்தா.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
ஈஸ்வரன்