திரை விலகாத பெயர்ப்பலகை

அன்பு மகள் நெரிடாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் பேத்தியும் மெல்போர்ன் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா? இங்கே நானும் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், என் முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சனிக்கிழமை அப்பா கங்காரு வால் சுட்டார், உன் பங்கையும் சேர்த்துத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஓடை விஷயம் கேட்டிருந்தாய். அந்தக் காலத்தில் நம் ஆட்களைச் சுட்டுக் கொன்ற வெள்ளைக்காரன் ஹார்க்னஸின் பெயரை எடுத்துவிட்டு ஓடையின் சொந்தப் பெயரையே வைக்கச் சொல்லி உன் மாமா நகராட்சிக்கு நடையாய் நடந்தாரே, போன கோடையில் அவர் கண்ணை மூடியதும் இந்த மேதாவிகளுக்கு ஞானம் பிறந்துவிட்டது. ஹார்க்னஸை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஓடையின் பெயர் வாயில் நுழையவில்லையாம், ஆம்புலன்ஸ்காரர்கள் குழம்பிப் போவார்களாம். வேல்ஸிலிருந்து வந்த பல்லை உடைக்கும் ஊர்ப் பெயர்களையெல்லாம் தடுமாறாமல் சொல்கிற வாய்கள்தான் இவை. அதனால் என்ன செய்தார்கள் தெரியுமா, உன் மாமாவின் பெயரையே ஓடைக்கு வைத்துவிட்டார்கள். பெயர்க் குழுவிலிருந்து ஃபிலிப்பா, நம் பெண்கள் விதையில் செய்த தோட்டைக் காதில் மாட்டிக்கொண்டு வந்து, "உயிரோட இருக்கறவங்க பேர வைக்கக் கூடாதுன்னு விதி ஆன்ட்டி, இப்ப அந்தத் தடை இல்ல" என்று பூரிப்போடு சொல்கிறாள். இறந்துபோனவர் பெயரை நாம் வாயால் சொல்வதில்லை, கண்ணில் படவும் விடுவதில்லை. அதே பெயர் கொண்ட கடைக்காரரை இத்தனை மாதமாக நாமெல்லாம் 'பெயரில்லாதவர்' என்றுதான் கூப்பிடுகிறோம். அவரிடம் தினமும் காபி வாங்குகிறவள் இவள், காது எதற்கு இருக்கிறதோ. சொல்லிப் பார்த்தேன். பலகை அடித்தாயிற்றாம்.

விழாவுக்குப் போகாமல் இருந்திருப்பேன். ஆனால் மாமாவின் கல்லறைக்கு அந்த ஒரு சாலைதானே. பலகையைத் திறந்துவிட்டால் நம் சனம் யாரும் அந்தப் பக்கம் போக முடியாது. திரையை இழுக்கும் கயிற்றை, தங்கையாம், என் கையிலேயே கொடுத்தார்கள். நம் ஆட்கள் எல்லோரும் பலகைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். நகராட்சித் தலைவர் கிரேம் அதைக்கூடப் பழங்காலச் சடங்கு என்று நினைத்துக் கைதட்டினார். "ஒரு இழு இழுங்க ஆன்ட்டி, சாசேஜ் ஆறுது" என்கிறார். நான் கயிற்றைக் கம்பத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டேன், அப்பா வேலிக் கம்பியை எடுத்து வந்து இறுக்கினார். எப்போது அவிழ்க்கலாம் என்று கிரேம் கேட்டார். "நாங்க சொல்றப்ப. எங்க அண்ணன் பேரு கொஞ்ச வருஷம் தூங்கட்டும். அதுவரைக்கும் ஓடைக்குப் பேரு வேணும்னா அதுக்குன்னு ஒண்ணு இருக்கு" என்றேன். ஃபிலிப்பா அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் ஓடையில் வெள்ளம் வந்தது. சாலை மூடியிருப்பதைக் கிரேம் வானொலியில் சொல்லியாக வேண்டும். ஹார்க்னஸ் என்று சொன்னால் சட்டப்படி தப்பு, மாமா பெயரைச் சொன்னால் நான் அவர் வாசலில் போய் நிற்பேன். வேறு வழியில்லாமல் ஓடையின் பெயரைச் சொன்னார், மூன்று தடவை, கொஞ்சமும் திக்காமல். அங்கே மாட்டிக்கொண்ட ஒரு லாரிக்காரனை மீட்க ஆம்புலன்ஸும் போனது, நேராக ஓடைக்கே போனது. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சிரிப்பு வரவில்லை, நெரிடா, அழுகைதான் வந்தது. இதைக் கேட்க வேண்டிய காது மண்ணுக்குள் இருக்கிறது.

சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, வேலை எங்கும் ஓடிவிடாது. நம் மண்ணும் முன்னோரும் உங்கள் இருவருக்கும் துணை இருப்பார்கள். ஒன்றை மறக்காதே, ஓடையின் பெயரைப் பேத்திக்குச் சொல்லிக் கொடுத்து அவள் சொல்வதைத் தொலைபேசியில் பிடித்து அனுப்பு. பால் பல்கூட விழாதவள் வாயில் நுழைகிறது என்று நகராட்சியில் எல்லோரும் கேட்கப் போட்டுக் காட்ட வேண்டும்.

உன் அம்மா,
கோரல்