நடுவில் விழுந்த பந்து

டென்மார்க் குளிரில் அடுத்தவன் பிள்ளைகளுக்கு இறகுப்பந்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும் என் மகள் போராவுக்கு, நம் ஊர் உய்சொங்கிலிருந்து உன் அப்பா மெங் பான்சொக் எழுதுவது. நாங்கள் நலம். நான் நாலாம் வகுப்போடு நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "பேனாவை மண்வெட்டி மாதிரி பிடிக்கிறாரு பாரு"ன்னு சிரிக்கிறாள்.

இந்த வருடம் பூண்டு நன்றாக விளைந்தது. அடுத்த வீட்டு தொக்சுவுக்குப் பல் செட் வைத்திருக்கிறார்கள். "இனிமே பொய் சொன்னா பல்லு தனியா வந்து சாட்சி சொல்லும்டா"ன்னு சொன்னேன். ஒரு வாரமாகப் பேசவில்லை. முழங்கால் வலிக்கு ஒட்டும் நம் ஊர் மருந்துப் பட்டை அனுப்பியிருக்கிறேன், ஒட்டிக்கொள்.

போன மாதம் ஹேரிம் வந்தாள். ஆமாம், உன் ஹேரிம்தான். ஆறு வருடம் உன்னோடு ஜோடி சேர்ந்து ஆடிய அதே பெண். இப்போது தேகுவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஆட வைக்கிறாளாம். ஊறுகாய்க்கு நூறு பூண்டு வேண்டும் என்று வந்தாள். பூண்டு அங்கேயே கிடைக்கும், எனக்குத் தெரியாதா? கட்டி வைத்த பூண்டைக் கையில் எடுக்காமல் நின்றுகொண்டே கேட்டாள்: "அப்பா, அன்னைக்கு போரா ஏன் குரல் குடுக்கல? பதினோரு வருஷமா யோசிக்கிறேன். என் மேல அவளுக்கு அப்படி என்ன கோவம்?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? "என்னம்மா, உருண்டையா ஆயிட்டே, மைதானத்துல ஓடுறியா, உருள்றியா?"ன்னு கிண்டல் பண்ணி, இரண்டு கட்டு பூண்டு கூடுதலாகக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவள் ஏறிய பஸ் திரும்பும் வரைக்கும் ரோட்டிலேயே நின்றேன்.

நான் அப்போது போனில் உன்னைத் திட்டியதை நீ யாரிடமும் சொல்லவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உன் அம்மாவுக்கும் தெரியாது. இன்றைக்கு எழுதும்போதுதான் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

பதினோரு வருடத்துக்கு முன் அந்த அரையிறுதியை ஊர்க் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். டிவியில் உன் குரல் கேட்டது: "ஹேரிம், விடு! என்னுது!" ஜெயித்தீர்கள். நான் எழுந்து ஆடினேன். தொக்சு மட்டும் அரிசிக் கள்ளை உறிஞ்சிக்கொண்டே, "ஏம்பா பான்சொக், ரெண்டு வயசு மூத்தவளை உம் பொண்ணு பேர் சொல்லிக் கூப்பிடுறா? பூண்டுக்குப் போட்ட உரத்துல கொஞ்சம் புள்ளைக்கும் போட்டிருக்கக் கூடாதா?"ன்னான். கூடமே சிரித்தது. ஊரையே கிண்டல் பண்ணுகிறவனுக்கு ஒரு கிண்டல் தாங்கவில்லை, பார்.

உடனே உனக்குப் போன் போட்டேன். வியர்வைகூடத் துடைத்திருக்க மாட்டாய். ஜெயித்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அக்கான்னு சொல்ல வாய் வலிக்குதா? நாளைக்கும் பேர் சொல்லிக் கூப்பிட்டா இந்த வீட்டுப் படி மிதிக்காதே"ன்னு கத்தினேன். நீ, "அப்பா, களத்துல வயசு பார்க்கக் கூடாதுன்னு கோச் சொல்லியிருக்கார்"னு ஏதோ சொல்ல வந்தாய். நான் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் இறுதி ஆட்டம். ஜெயித்தால் ஒலிம்பிக். மூன்றாவது செட், இருபதுக்குப் பத்தொன்பது, எதிரணி முன்னால், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் அவர்களுக்கு வெற்றி. பந்து உங்கள் இருவருக்கும் நடுவில் வந்தது. நடுவில் வருவது எப்போதும் உன்னுடையது, நீதான் குரல் கொடுப்பாய். அன்றைக்கு உன் வாய் திறந்ததை நான் பார்த்தேன். சத்தம் வரவில்லை. பெரியவளுக்கு வழிவிடுகிற மாதிரி கால் ஒதுங்கியது. அவளோ உன் குரலுக்காகக் காத்து நின்றாள். பந்து விழுந்தது.

பத்திரிகைக்காரன் மூத்தவள் தூங்கிவிட்டாள் என்று எழுதினான். ஜோடியைப் பிரித்தார்கள். அவள் மட்டையை வைத்துவிட்டாள். நீ வேறு யார் யாரோடோ ஆடிப் பார்த்தாய், ஒன்றும் ஒட்டவில்லை. அப்பாவைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று, தோழியின் வருத்தத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் போய்விட்டாய். நான் இங்கே, தோற்றாலும் மரியாதை தெரிந்த பெண் என்று கூடத்தில் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்து தேகுவுக்குப் போனேன். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கிண்டல் எதுவும் வாயில் வரவில்லை. பார்லித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அப்புறம், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அந்தக் கழுதை"ன்னு அழுதாள். என்னை ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் போன் நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உன் அம்மா இரண்டு முறை சரி பார்த்தாள். கடிதம் கிடைத்ததும் என்னைப் போனில் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று உனக்குத் தோன்றும், நல்லதோ கெட்டதோ. பேசாதே. முதலில் அவளுக்குப் பேசு. எவ்வளவு நேரம் ஆனாலும் பேசு. அதற்கப்புறம் மனசு இருந்தால் எனக்கு. இந்தக் குளிர்காலம் முழுக்க நான் எங்கும் போகவில்லை, போன் பக்கத்திலேயே இருப்பேன்.

சோறு சூடாகச் சாப்பிடு, மகளே. உடம்பு நன்றாக இருக்கட்டும்.

உன் அப்பா,
மெங் பான்சொக்