பார்டில் வயலில் நான் புதைத்த காசுகள்

ஸ்வாஃபம், நார்ஃபோக்
ஆகஸ்ட் 19

அன்புள்ள பெர்சிக்கு,

வில்ஃப் எழுதுகிறேன். நான் சுகம்; முழங்காலுக்கும் எனக்கும்தான் பேச்சுவார்த்தை இல்லை. உன் மகள் வீட்டில் எல்லோரும் நலம்தானே? ஆஸ்திரேலியாவில் ஆகஸ்டில்தான் குளிராமே. எல்லாம் தலைகீழ், உனக்குப் பொருத்தமான ஊர்.

பார்டில் அம்மா வயலில் பார்லி அறுத்தாயிற்று. சனிக்கிழமை உலோகம் தேடும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனேன். நாலு மணி நேரம் அறுத்த தட்டையின் மேல் ஆட்டியதற்குக் கிடைத்தது பீர் டின் வளையம் பதினொன்று, துப்பாக்கித் தோட்டாவின் அடிமூடி ஆறு, சக்கரம் போன பொம்மைக் கார் ஒன்று. காதில் மெஷின் கத்தும்போதெல்லாம் பக்கத்தில் வந்து "என்னடா, மறுபடியும் டின்னா?" என்று கேட்க ஆள் இல்லை.

உன் கடிதம் செவ்வாயன்று வந்தது. நீ ரோமானியக் காசு எடுத்த இடத்தை மியூசியம் ஆட்கள் அக்டோபரில் தோண்டப் போகிறார்கள், அதைப் பார்க்க விமானச் சீட்டு எடுக்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். சீட்டு எடுக்கும் முன் இதைப் படி. உட்கார்ந்து படி.

அந்தக் காசுகளைப் புதைத்தது நான்தான்.

உன் கால் ஆபரேஷனுக்குப் பிறகு வருஷம் முழுக்க உனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. மெஷினை விற்கப்போவதாகச் சொன்னாய். எனக்குப் பொறுக்கவில்லை. சந்தையில் மூன்று பித்தளை ரோமானியக் காசு வாங்கினேன், அசல்தான். நீ வழக்கமாக நடக்கும் வேலியோரம் மண்ணில் அமுக்கிவிட்டு, உன் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சாயங்காலமே சொல்லிவிடலாம் என்றிருந்தேன். நீயோ முழங்கால் போட்டு உட்கார்ந்து அழுதுவிட்டாய். அப்புறம் எப்படிச் சொல்வது? மறுநாளே ஓடிப்போய் மியூசியத்தில் பதிந்தும் விட்டாய். வரைபடத்தில் புள்ளி வேறு வைத்துவிட்டார்கள். விளையாட்டு கைமீறிப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து மியூசியம் போய், அங்கே பதிவு பார்க்கும் ஹேசலிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அந்தப் பெண் நம்மிடம் எப்போதும் சிரித்துத்தானே பேசும்? அன்றைக்குச் சிரிக்கவில்லை. "எழுபத்தாறு வயசாச்சு, இன்னும் பள்ளிக்கூடப் பையன் புத்தி போகலையா பெரியவரே? உங்களை நம்பி ஒரு வயலையே தோண்ட இருந்தோம்" என்றாள். தலையைக் குனிந்துகொண்டேன். நம்ப மாட்டாய், நிஜமாகவே குனிந்தேன்.

வரைபடத்துப் புள்ளியை அழிக்கும் முன் நீ கொடுத்த காசுகள் இருந்த பெட்டியைத் திறந்தாள். உள்ளே சின்னச் சின்னப் பைகள். "எது எது உங்களுது, காட்டுங்க" என்றாள். காட்டினேன். மூன்றையும் தள்ளி வைத்துவிட்டு, "அப்ப இது?" என்று நாலாவது பையை என் முன்னால் வைத்தாள்.

வெள்ளிக் காசு, பெர்சி. பிறை மாதிரி ஓரம் தேய்ந்து, ராஜா தலையில் இன்னும் பார்டில் வயல் மண் ஒட்டிக்கொண்டு. நான் வாங்கினது இல்லை. அப்படி ஒன்று வாங்க எனக்கு வக்கும் இல்லை.

அன்றைக்கு நீ நாலு கிடைத்தது என்றாய். ஜம்பம் அடிக்கிறாய் என்று நம் மெஷின்காரர்கள் கிளப்பில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். நாலாவது உன்னுடையது. யாரும் உனக்காகப் புதைக்காதது.

ஹேசல் மூன்றையும் பதிவிலிருந்து அடித்துவிட்டாள். நாலாவதற்காக அக்டோபரில் சின்னதாய் ஒரு குழி தோண்டிப் பார்க்கிறார்களாம். அது சரியாக எந்த இடத்தில் கிடைத்தது என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நான் என் மூன்றை நீ எப்போது மிதிப்பாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, உன்னைப் பார்க்கவில்லை.

கோபமாக இருப்பாய். ஆறு மாதம் பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு. உன் மகளிடம் சொல்லி என்னைத் திட்டி ஒரு பக்கம் எழுதவும் சொல்வாய். எழுதாதே. தபாலில் வரும் திட்டு பாதி வழியிலேயே ஆறிப்போகும். அக்டோபரில் நேரில் வந்து, அந்த இடத்தைக் காலால் தட்டிக் காட்டிவிட்டு, அங்கேயே நின்று நன்றாகத் திட்டு. நான் வாய் திறக்க மாட்டேன்.

உன் சிநேகிதன் (இன்னும் அப்படித்தானே?),
வில்ஃப்