கண்ணாடியில் தெரிந்த ஆள்

மச்சி,

இன்று காலை என் வேலைப் பட்டியலில் ஒரு குறிப்பு: "கண்ணாடியில் ஆள் தெரிகிறார். அழிக்கவும்." யாரோ ஒரு லைட்மேன், கதாநாயகியின் பீரோக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டிருக்கிறார். அரை நாள் வேலை. மவுஸைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து சீட்டுப் பெண் "உடம்பு சரியில்லையா சார்?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். அவளிடம் என்ன சொல்வது? உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், நீ இருந்தபோதே.

அசோக் நகர் மாடியில் நாம் கார்ட்டூன் வரைந்த நாட்கள் ஞாபகம் வருகின்றன. வெளிநாட்டுக் குழந்தைகளுக்காக ஒரு வாத்தை நடக்கவைத்தே மூன்று வருடம் ஓட்டினோம். அது எப்படி நடக்கும் என்று காட்ட நீ மேஜைகளுக்கு நடுவே பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு போவாய்; நான் வயிறு வலிக்கச் சிரித்தபடியே வரைவேன். தொடர் நின்றதும் கம்பெனியை மூடினார்கள். நம் கூட்டத்தில் ஒருத்தி பாண்டி பஜார் துணிக்கடைக்குச் சேலை டிசைன் போடப் போனாள். ஒருவன் இன்றும் அடையாறில் டாட்டூ போடுகிறான். நீ சினிமாவில் செட் போடும் ஆர்ட் டிபார்ட்மென்ட்டுக்குப் போனாய். நான் கிராபிக்ஸ் கம்பெனியில் சேர்ந்தேன். பெயர்தான் பெரியது. ஹீரோவைத் தூக்கும் கயிறு, மைக்கின் நிழல், ஓரத்தில் தெரியும் ஆட்கள், இதையெல்லாம் படத்திலிருந்து துடைப்பதுதான் வேலை.

"வரையக் கத்துக்கினு வந்து ரப்பர் வேலை பாக்குற பாரு" என்று கிண்டல் செய்வாய். எனக்கும் சிரிப்பாகத்தான் இருக்கும்.

நீ போட்ட சலூன் செட்டில் எடுத்த காட்சி ஒருநாள் என் மேஜைக்கு வந்தது. கண்ணாடியின் மூலையில் நாலு நொடி ஓர் ஆள். காதில் செருகியிருந்த பிரஷைப் பார்த்ததுமே நீதான் என்று தெரிந்துவிட்டது. "மாட்டினடா மவனே" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இரண்டு நாளில், நீ நின்ற அடையாளமே இல்லாமல் துடைத்தேன். எங்கள் மேலாளர் கூப்பிட்டுப் பாராட்டினார். அடுத்த முறை பார்க்கும்போது உன்னைக் கலாய்க்க ஒரு விஷயம் கிடைத்தது என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

படம் வந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாய். "அம்மாவ, பக்கத்து வூட்டு ஆளுங்களயெல்லாம் இட்டுக்கினு போனேன் மச்சி. ஒரு வாட்டியாச்சும் ஸ்கிரீன்ல தெரியணும்னு சலூன் சீன்ல வேணும்னே நின்னேன்டா. எல்லார்கிட்டயும் சொல்லி வேற வச்சிட்டேன். ஆளையே காணோம்!"

"எடிட்டிங்ல போயிருக்கும்டா" என்றேன்.

எடிட்டிங்கில் போயிருந்தால் காட்சியே போயிருக்கும். காட்சி முழுசாக இருந்தது. நீ மட்டும்தான் இல்லை. இத்தனை வருடம் சினிமாவில் இருந்த உனக்கா இது தெரியாது?  ஆனால் நீ, "கடைசில உன் பேரு வந்துச்சு மச்சி. விசில் அடிச்சேன்" என்றாய். உன் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அதன் பிறகு மூன்று வருடம் எத்தனையோ டீ குடித்தோம். நீயும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. கோழை நான்.

போன மழைக்காலத்தில், செட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவே இல்லை. காரியத்தன்று திருவான்மியூர் வீட்டில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம் புள்ள ஒரு படத்துல வந்தான் நைனா. நான்தான் பாக்காம உட்டுட்டேன். 'நீ மூக்குக் கண்ணாடி தொடச்சிக்கினு இருந்தம்மா, அந்த நேரத்துல வந்துட்டேன்'னான். ஒரே ஒரு தபா அத்த போட்டுக் காட்டுறியா?"

என் பொய்க்கு மேல் நீயும் ஒரு பொய் சொல்லி வைத்திருந்தாய். அந்தப் பாவப்பட்ட அம்மா தன் கண்ணையே நொந்துகொண்டிருந்தார்.

துடைப்பதற்கு முன்னால் இருந்த காட்சியை எங்கெங்கோ தேடினேன். படம் முடிந்ததும் டிஸ்க்கைக் காலி செய்துவிடுவார்கள். கெஞ்சிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பல மாதங்கள் உன் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை. போன ஞாயிறு போனேன். உன் அம்மா வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "அவன் வந்தாம்மா. நான்தான் அழிச்சேன்" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். அரிவாள்மணையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அப்போ நீ அவன பாத்துகீற. சொல்லு நைனா, எம் புள்ள இன்னா பண்ணிக்கினு இருந்தான் அதுல? சிரிச்சிக்கினு இருந்தானா?"

மச்சி, அழிக்கும்போது நாங்கள் ஆளைப் பார்ப்பதில்லை. ஆளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்போம். உனக்குப் பின்னால் இருந்தது, ப்ளைவுட்டில் நீயே வரைந்த டைல்ஸ் சுவர். மூன்றாவது டைலில் ஒரு விரிசல். அதற்குக் கீழே துருக்கறை. மூலையில் ஒன்று மட்டும் கொஞ்சம் மங்கல். அத்தனையும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். இரண்டு நாள் உன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். உன் முகத்தைப் பார்க்கவில்லையடா.