எல்லாவற்றுக்கும் ஓம்

தர்மபுரம்
09.06.2024

அன்புள்ள கௌசலாவின் அப்பாவுக்கு,

சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அதை நேற்றுப் போனில் மூன்று தரம் கேட்டுவிட்டேன். மூன்று தரமும் "ஓம், சாப்பிட்டன்" என்றீர்கள். நாலாம் தரம் கத்தினேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பிரேமிளா, "நான் சுகம்தான் அக்கா" என்று பதில் சொன்னாள். உங்களுடைய பட்டன் போனுக்குத் தமிழில் எழுதி அனுப்பினால் கட்டம் கட்டமாகத்தான் வருமாம். அதனால் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு பேனா பிடித்திருக்கிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

நீங்கள் வவுனியா மில்லுக்குத் திரும்பிப் போய் இன்றோடு மூன்று கிழமை. சனிக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வருகிற மனுசன் வராமல் இருந்தால் ஊர் என்ன கதைக்கும் என்று யோசித்தீர்களா? தண்ணீர் மோட்டரும் பழுது. பயிற்றங்கொடிக்கு வாளியால் இறைக்கிறேன். அதை விடுங்கள்.

அன்றைக்கு நடந்ததை நீங்கள் அறியவே இல்லை என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. அதனால் எழுதுகிறேன். கௌசலாவைப் பார்க்கப் புதுக்குடியிருப்பிலிருந்து செந்தூரன் வீட்டார் வந்திருந்தார்கள். பெடியனின் தாய் நேசமலர் அக்கா உங்களுக்கு நேரே இருந்து, "கலியாணத்துக்குப் பிறகு பிள்ளை இந்த டியூசன் வகுப்பை எல்லாம் விட்டிடுவா தானே?" என்று கேட்டா. நீங்கள் சிரித்துக்கொண்டு, "ஓம், ஓம், அதுக்கென்ன" என்றீர்கள்.

அதுக்கென்னவா? தேநீர்த் தட்டோடு வாசலில் நின்ற பிள்ளையின் முகத்தை நான் பார்த்தேன். ஆறு பிள்ளைகளோடு மாமரத்தின் கீழே தொடங்கி, இன்றைக்கு அறுபது பேருக்குக் கணிதம் படிப்பிக்கிறாள். வகுப்புக் கொட்டிலுக்கு ஓலைக்கிடுகு கட்டியதும் நீங்கள்தானே? நான் இடையில் புகுந்து சமாளிப்பதற்குள் அவர்கள் போக எழும்பினார்கள். நீங்களும் எழும்பினீர்கள். கதிரையைப் பிடித்தீர்கள், கதிரையோடு சரிந்தீர்கள், பிறகு வாந்தி. பெடியனின் மாமன்காரன், "காலமையே போட்டிட்டார் போல" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். உங்களைத் தவிர எல்லாருக்கும் கேட்டது.

நான் குனிந்து உங்கள் வாயை மணந்து பார்த்தேன். அது மட்டும் உங்களுக்கு நன்றாக விளங்கிவிட்டது. வற்றாப்பளை அம்மன் முன்னால் சத்தியம் பண்ணி, பத்து வருடமாகக் குடியைத் தொடாத மனுசன் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஒரு மனுசன் பட்டப்பகலில் விழுந்தால் வேறு என்ன நினைப்பது? அடுத்தநாள் விடிய முதல் பஸ்ஸில் போய்விட்டீர்கள்.

போன கிழமை பிரேமிளாவின் பிள்ளைக்குக் காதால் சீழ் வடிகிறதென்று கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனேன். அவள் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதுக்குள் விட்டிருந்தாள். டொக்டர் அவளுக்கு நல்ல ஏச்சுக் கொடுத்தார். எண்ணெயும் வேண்டாம், கோழியிறகும் வேண்டாம், ஓட்டை விழுந்த செவிப்பறைக்குள் இவை போனால் பிள்ளை செவிடாகிவிடும் என்றார். உங்கள் சைக்கிள் பூட்டுத் திறப்பு எனக்கு ஞாபகம் வந்தது. கதைக்கக் கதைக்க அதைக் காதுக்குள் விட்டுக் கிண்டுவீர்களே!

அந்த வாக்கில் உங்கள் கதையையும் சொன்னேன். தலை சுற்ற முதல் காது அடைக்கிறதா, இரைகிறதா என்று கேட்டார். ஓம் என்றேன். மில் பூட்டியிருந்த நாளில்கூட "காதுக்குள்ள மெசின் ஓடுது" என்று நீங்கள் சொல்ல, "ஏன், மில்லையும் கூட்டிக்கொண்டு வந்திட்டியளோ?" என்று நான் சிரித்தேன். மாத்தளனில் ஷெல் விழுந்தபோது உங்கள் இடது காதால் ரத்தம் வந்ததையும் சொன்னேன். எந்த வருடம் என்று கேட்டார். இரண்டாயிரத்து ஒன்பது என்றேன். அதையும் துண்டில் எழுதினார்.

ஆளைப் பார்க்காமல் எதையும் முடிவாகச் சொல்ல ஏலாதாம். ஆனால் குடிவெறியில்லாமலும் ஆள் அப்படி விழலாமாம். நாங்கள் நேராக நிற்பதற்கான தராசும் காதுக்கு உள்ளேதான் இருக்கிறதாம். அங்கும் இங்குமாக இருபத்திரண்டு வருடம் மில் சத்தத்துக்குள் நின்ற காது, அடையாளம் காட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாய்ப் போகுமாம். முதலில் போவது பெண்களின் குரலும் பிள்ளைகளின் குரலுமாம். நான் சொல்வது மட்டும் இவருக்குக் கேட்பதில்லை என்று எத்தனை வருடம் உங்களோடு சண்டை பிடித்திருப்பேன்?

இருபதாம் திகதி வியாழக்கிழமை கிளினிக். காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். வராவிட்டால் நான் மில்லுக்கே வந்து, மெசினை நிற்பாட்டிவிட்டு, எல்லாருக்கும் முன்னால் கூப்பிடுவேன். சொல்லிப்போட்டேன்.

இப்படிக்கு,
கோபம் தீராத
கமலாசனி


தர்மபுரம்
21.07.2024

அன்புள்ள கௌசலாவின் அப்பாவுக்கு,

நீங்கள் கிளினிக்குக்கு வந்தது பெரிய காரியம் என்று நினைத்துத்தான் இவ்வளவு நாளும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். இனி ஏலாது. மில்லில் சனி ஞாயிறும் வேலை என்று நீங்கள் வராமல் இருக்க, நேற்று அலுமாரியில் உங்கள் சாறத்தை எடுக்கிறேன், உள்ளே கிளினிக்கில் தந்த காது மெசின்! பெட்டியோடு, பத்திரமாக, பாச்சாவுருண்டைக்குப் பக்கத்தில். சாறத்துக்கா காது கேட்கவேண்டும்?

காகம் கத்துவது மண்டைக்குள் கேட்கிறது, கோப்பை கழுவினால் குண்டு விழுகிற மாதிரி இருக்கிறது என்று நீங்கள் சொல்வதை நான் நம்பாமல் இல்லை. கிளினிக்கில் உங்கள் காதைச் சோதித்த பிள்ளை அன்றைக்கே சொன்னா: இவ்வளவு காலம் சத்தமில்லாமல் இருந்த மூளை பழகக் கொஞ்சக் கிழமை எடுக்கும், முதலில் வீட்டுக்குள் ஒரு மணித்தியாலம், பிறகு இரண்டு என்று கூட்டவேண்டும். மில்லுக்குள் அது வேண்டாம். அங்கே காதுக்கவசம். முதலாளி தந்த கவசத்தில் இப்போதும் தொப்பியைத்தான் கொழுவி வைத்திருக்கிறீர்களா? போன கேட்கும் சக்தி திரும்பி வராது, மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றுங்கோ ஐயா என்று டொக்டர் சொன்னபோது தலையை ஆட்டினீர்கள். கேட்டு ஆட்டினீர்களா, பழக்கத்தில் ஆட்டினீர்களா?

கருவாட்டை நிற்பாட்டினீர்களா? உப்பு, ஊறுகாய் ஒன்றும் கூடாது. இடது உள்காதில் நீர் அமுக்கம் கூடுவதால்தான் அந்தச் சுற்று என்று சொன்னார்கள். உப்பு அதைக் கூட்டுமாம். குளிசையை நேரத்துக்குப் போடுங்கோ. காது அடைத்தால் உடனே மெசினை விட்டு விலகிப் படுங்கோ. ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் நீங்கள் சுற்றி விழுவதை நினைத்தால் இங்கே எனக்குச் சோறு இறங்குவதில்லை. மேசை வேலை தரச்சொல்லி நீங்கள் கேட்காவிட்டால் முதலாளியிடம் நான் கேட்பேன்.

அந்தச் சோதனையை நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தது உங்களுக்குத் தெரியாது. சத்தம் கேட்டால் பட்டனை அமத்தச் சொன்னார்கள். நீங்கள் அந்தப் பிள்ளையின் கையைப் பார்த்துப் பார்த்து அமத்தினீர்கள், கள்ளன்! அவா சிரித்துக்கொண்டு கதிரையை மற்றப் பக்கம் திருப்பி வைத்தா. பிறகு அவா சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் குமிழைத் திருப்பிக்கொண்டே போனா. நீங்கள் பட்டனில் பெருவிரலை வைத்தபடி, கண்ணை மூடி, காத்துக்கொண்டே இருந்தீர்கள். விரல் அசையவே இல்லை. நான் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இனிச் செந்தூரன் வீட்டு விசயம். நாங்கள் யோசித்துக்கொண்டிருக்க, கௌசலா தானே பெடியனுக்குப் போன் எடுத்துவிட்டாள். அப்பாவுக்கு அன்றைக்குக் காது கேட்கவில்லை, நான் வகுப்பை விடமாட்டேன், இரண்டையும் உங்கள் வீட்டில் சொல்லுங்கோ என்று சொல்லியிருக்கிறாள். தன் அம்மா அப்படிக் கேட்டதை இவ்வளவு பெரிய விசயமாகத் தான் யோசிக்கவே இல்லை என்று பெடியன் சொன்னாராம். பிறகு மூன்று நாள் ஒரு சத்தமும் இல்லை. நான் கைவிட்டுவிட்டேன்.

நாலாம் நாள் நேசமலர் அக்கா தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினா. குசினி வரைக்கும் வந்து பலகையில் இருந்து, "அவருக்கு உண்மையாய்க் காது வருத்தமோ, இல்லாட்டிச் சமாளிக்கிறியளோ?" என்று முகத்துக்கு நேரே கேட்டா. நான் கிளினிக் கொப்பியையும், கோடு கீழே கீழே இறங்குகிற அந்தக் காதுச் சோதனைக் கடதாசியையும் எடுத்துக் காட்டினேன். கனநேரம் பார்த்தா. தன்ரை தம்பி அப்படிக் கதைத்தது பிழை என்றா. போகும்போது, கிளினிக் எந்தெந்த நாள் என்று மெதுவாகக் கேட்டா. ஆருக்கு என்று நான் கேட்கவில்லை.

வகுப்பு விசயத்தை மட்டும் அவா விடவில்லை. "தகப்பன் ஓம் எண்டவர். மாத்திறதெண்டால் அவரே சொல்லட்டும்" என்றா. ஓகஸ்ட் நாலாம் திகதி ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் திரும்ப வருகிறார்கள்.

நான் சந்தோசமாக இதைக் கௌசலாவிடம் சொன்னேன். அவள் கொப்பி திருத்திக்கொண்டே, "காது கேட்டிருந்தாலும் அப்பா ஓம் எண்டுதான் சொல்லியிருப்பார் அம்மா" என்றாள். தலை நிமிரவில்லை. ஊருக்குள் ஒருவரோடும் முரண்படாத மனுசன் நீங்கள். கேட்காததற்கெல்லாம் ஓம் சொல்லிச் சொல்லி, எது கேட்டது, எது கேட்கவில்லை என்று எங்களுக்கே தெரியாமல் போய்விட்டது. இதற்கு டொக்டரிடம் குளிசை இல்லை. பதில் உங்களிடம்தான் இருக்கிறது. அவளுக்காக நான் சொல்லமாட்டேன், நீங்கள்தான் சொல்லவேண்டும்.

காது மெசினைப் பஞ்சில் சுற்றி, வவுனியாவுக்கு வருகிற பிரேமிளாவின் தமையன் அனோஜனிடம் கொடுத்தனுப்புகிறேன். பற்றரி இரண்டு வைத்திருக்கிறேன். வேலை முடிய, இன்றைக்கே போடுங்கோ. நாலாம் திகதிக்குள் பழகவேண்டும்.

ஒரு நாள் முந்தி, சனிக்கிழமையே வந்துவிடுங்கோ. உங்களிடம் நான் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. மே மாதம் குனிந்து உங்கள் வாயை மணந்து பார்த்த அன்றிலிருந்து இருக்கிறது. எழுதிப் பார்த்தேன், இரண்டு தாளைக் கிழித்துப்போட்டேன். அது வேலிக்கு அங்காலும் கேட்கக் கத்திச் சொல்லக்கூடிய கதை இல்லை. கிட்ட இருந்து, மெதுவாக, ஒரு தரம்தான் என்னால் சொல்ல ஏலும்.

மெசினைப் போட்டுக்கொண்டு வாங்கோ.

உங்கள்
கமலாசனி