மூடுபனிப் பகடை

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன், ஆனால் செல்பேசியில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் அனுப்பினால் அது என் கணக்கில் சேராது, நாலு வரி உன் கையால் எழுது. மாடித் தண்ணீர்த் தொட்டி மறுபடி ஒழுகுகிறது, ஆள் வேண்டாம் நானே அடைக்கிறேன் என்று அப்பா ஏறினார், சட்டையெல்லாம் சிமெண்டோடு இறங்கி வந்தார், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. தங்கைக்கு வாந்தி நின்று பசி வந்திருக்கிறது, குழந்தை பிறக்கும்போது மாமன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இப்போதே அடம் பிடிக்கிறாள். சரி, கேட்டதை விட்டுவிட்டு தொட்டியைப் பற்றி எழுதுகிறாளே என்று நீ பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்கிறது. விஷயத்துக்கு வருகிறேன். அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடமாட்டேன்.

"எல்லாரும் போட்டாச்சும்மா, நீ மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிற, இங்க என் பேருதான் கெடுது" என்று எழுதியிருந்தாய். நீ இந்த அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியில் படிக்காதவன், அதனால் நடந்ததை முழுக்கச் சொல்கிறேன், பிறகு கோபப்படு. எங்கள் பெரிய கூடத்தில் ஒரு மணல்மேசை இருக்கிறது, நீ போகப்போகும் அதே மலை, மேடு பள்ளம் மாறாமல் மணலில் செய்தது, அதன்மேல் காய் நகர்த்திப் போரை ஆடிப் பார்ப்போம். ஒரு பக்கம் ராணுவம், மறுபக்கம் கொரில்லாக்களாக நடிக்கச் சொன்ன இளம் அதிகாரிகள், நடுவராக மலைப்போர்ப் பாடம் எடுக்கும் நான். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ஒரு மரப்பகடையை உருட்டுவோம். நீலம் விழுந்தால் வானம் தெளிவு. வெள்ளை விழுந்தால் மூடுபனி, அந்தச் சுற்றில் ஹெலிகாப்டர் எழும்பாது, ட்ரோன் பார்க்காது. முதலில் நீலமாகவே விழுந்தது, நம் பக்கம் சிகரம் சிகரமாகப் பிடித்த அழகைப் பார்த்து நானே கை தட்டினேன். பிறகு வெள்ளை விழுந்தது, மறுபடி வெள்ளை, மறுபடியும். கொரில்லாப் பையன்கள் ஒரு குண்டுகூடச் சுடவில்லை, குகையை விட்டு இறங்கி வந்து, நம் ஆட்கள் ஏறிய பாதையை அடைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தார்கள். மேலே இருந்தவர்களுக்குச் சோறு போகவில்லை, அடிபட்டவர்களை இறக்க வழியில்லை. எங்கள் கல்லூரித் தலைவர், அதுதான் மீசைக்காரர், எழுந்து வந்து, "இதெல்லாம் அந்தக் காலத்துப் பனி மேடம், இப்ப இருக்கிற கருவிக்கு இது ஒரு விஷயமா?" என்று பகடையை எடுத்துத் தன் டீக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பனி இல்லாத மலையில் மறுபடி ஆடினார்கள், ஜெயித்தார்கள். அந்த வெற்றியை எழுதிய அறிக்கைக்குத்தான் என் கையெழுத்து வேண்டுமாம். அந்த அறிக்கையை வைத்துத்தான் உன் படையைப் பனிக்காலத்திலேயே மேலே அனுப்புவார்கள்.

நான் பழைய பல்லவி பாடுகிறேன் என்று நினைக்காதே. இன்றைய படைக்கு வேறு மாதிரி நடக்கும் என்பது வாஸ்தவம், அதை வகுப்பில் சொல்கிறவளே நான்தான். அந்தக் காலத்தில் இதே மலைக்குப் போன படை கோவேறு கழுதைகளோடு வரிசையாகக் கணவாய்க்குள் போய் மாட்டிக்கொண்டது. உங்களிடம் இருட்டில் உடம்புச் சூட்டைக் காட்டும் கண்ணாடி இருக்கிறது, அடிபட்டவனை அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம், அவர்கள் கும்பலாகக் கூடினால் ட்ரோன் காட்டிக்கொடுக்கும். எல்லாம் சரி கண்ணா, ஆனால் இதில் முக்கால்வாசி வானத்தை நம்பி நிற்கிறதே. கழுதையாவது பனியில் நடக்கும். அவர்களும் பழைய ஆட்களா என்ன, கடையில் பொம்மை மாதிரி விற்கும் ட்ரோனை வாங்கிப் பறக்கவிடுகிறார்கள். நீங்கள் தவறிப்போய் ஒரு வீட்டின் மேல் குண்டு போட்டால் அந்தத் தெருவே அவர்கள் பக்கம் போய்விடும், அதற்கு எந்தக் கண்ணாடியும் உதவாது. வேறு மாதிரி நடக்கும் என்றால் ஜெயிப்போம் என்று யார் அர்த்தம் சொன்னது? வேறு மாதிரி தோற்கவும் தோற்கலாம். அந்தத் தோல்விக்கு என் பிள்ளையைக் கொடுத்து நானே சாட்சிக் கையெழுத்தும் போட வேண்டுமா? மீசைக்காரர் மீசையை இன்னும் எவ்வளவு முறுக்கினாலும் நடக்காது.

அப்பாவுக்கு முதலில் என் மேல் வருத்தம்தான். "அவன் உத்தியோகத்துல நீ ஏன் மண்ணள்ளிப் போடுற" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குள் கல்லூரியிலிருந்து ஃபோன், மேசைப் பகடையைக் காணவில்லை, மேடம் தெரியாமல் எடுத்துப் போயிருப்பார்களோ என்று. தெரியாமல் என்ன, தெரிந்துதான் என் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். ஃபோனை எடுத்தவர் அப்பா. பேருந்தில் ஒரு டிக்கெட் குறைத்து வாங்காத மனுஷர், என் கைப்பையிலிருந்த பகடையை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே, "அப்படி எதுவும் இந்த வீட்ல இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு வைத்தார். பிறகு உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அவருக்கும் உன்னை நினைத்துப் பயம்தான், சொல்லத் தெரியவில்லை.

நேற்றுதான் சேதி வந்தது. என் இடத்தில் வேறொரு நடுவரை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், இனி எனக்கு வகுப்பும் கிடையாது. போகட்டும், அந்த நாற்காலியில் மூட்டைப்பூச்சி வேறு. ஆனால் நீ போகப்போகிறாய், அதை என்னால் நிறுத்த முடியவில்லை. இந்தப் பார்சலில் கம்பளிக் காலுறை வைத்திருக்கிறேன், இடது காலுறைக்குள் பகடை இருக்கிறது. மேலே போனபின் உன் ஆட்களுக்கு உத்தரவு போடுவது மீசைக்காரர் இல்லை, நீ. தினமும் காலையில், வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும், அதைக் கையில் எடுத்து, சாயங்காலம் வெள்ளை விழுந்தால் இவர்களை எப்படிக் கீழே இறக்குவேன் என்று உன்னையே கேள். பதில் வரவில்லை என்றால் அன்றைக்கு ஒருவனையும் மேலே அனுப்பாதே, யார் கத்தினாலும் கத்தட்டும். பயந்தவன் என்பார்கள், சொல்லட்டும், என்னையும்தான் சொன்னார்கள்.

காதை மூடிக்கொள், ஈரச் சாக்ஸோடு தூங்காதே, அப்பாவுக்குத் தனியாக ஒரு வரி எழுது. உன்னையும் உன்னை நம்பி வருகிறவர்களையும் எந்தக் குறையும் அண்டாதிருக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே, அந்தப் பகடை கல்லூரிச் சொத்து. தபாலில் அனுப்பினால் வாங்கமாட்டேன், வேறு யார் கையில் கொடுத்தனுப்பினாலும் வாங்கமாட்டேன். நீயே கொண்டுவந்து அந்த மேசையில் வைக்க வேண்டும்.

இந்த மாதம் நான் மனசாரப் போடும் ஒரே கையெழுத்து,
உன் அம்மா